வரி பூஜ்யம்தான், ஆனாலும் செலவு ஏறியது: பிரெக்ஸிட் வணிகத்துக்கும் வீட்டுக்கும் என்ன செய்தது?

கேள்வி இது: பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறினாலும் சுங்க வரி இல்லாத ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. பிறகு நஷ்டம் எங்கிருந்து வந்தது? யாருக்கு வந்தது? சாதாரணக் குடும்பத்தின் கையை அது எந்த வழியாகக் கடித்தது?

பதிலை வரியில் தேடினால் கிடைக்காது. 2020 டிசம்பர் 24 அன்று முடிவான ஒப்பந்தம் சுங்க வரியையும் அளவுக் கட்டுப்பாட்டையும் பூஜ்யத்தில்தான் வைத்தது. செலவு ஏறியது ஒவ்வொரு சரக்கோடும் போகவேண்டிய காகிதத்தில். அந்தச் செலவுக்கு ஒரு குணம் உண்டு. சரக்கின் மதிப்பு எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை, எத்தனை தடவை அனுப்புகிறீர்கள் என்றுதான் பார்க்கும். பெரிய கம்பெனி தப்பித்ததும் சின்ன வியாபாரி மாட்டிக்கொண்டதும் இதனால்தான்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பத்திரிகைகள் இரண்டையும் போட்டுக் குழப்பியதுதான் அதிகம். சுங்க ஒன்றியம் என்றால், உறுப்பு நாடுகளுக்குள் வரி கிடையாது, வெளியிலிருந்து வரும் பொருளுக்கு எல்லோரும் ஒரே வரி போடுவார்கள். எனவே உள் எல்லையில் “இது எந்த ஊர்ச் சரக்கு?” என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஒற்றைச் சந்தை என்றால், தர விதிகள் ஒன்று. ஒரு நாட்டில் விற்கத் தகுந்த பாலாடைக்கட்டி எல்லா நாட்டிலும் விற்கத் தகுந்தது. ஆட்களும் பணமும் சேவைகளும் தடையின்றிப் போய்வரலாம். துருக்கி தொழிற்பொருட்களுக்கு மட்டும் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது, ஒற்றைச் சந்தையில் இல்லை. நார்வே இதற்கு நேர் எதிர். பிரிட்டன் 2020 டிசம்பர் 31 இரவோடு இரண்டையும் விட்டது. சுங்க ஒன்றியத்தை விட்டதால் சுங்க அறிவிப்பும் பிறப்பிடச் சான்றும் வந்தன. ஒற்றைச் சந்தையை விட்டதால் கால்நடை மருத்துவர் கையெழுத்தும் விசாவும் வந்தன.

ஆனால் எல்லையில் ஒரு லாரி நிற்பதற்கு நான்கரை ஆண்டு முன்பே குடும்பங்கள் பணம் கட்டத் தொடங்கிவிட்டன. ஒன்றியத்தை விட்டு வெளியேறலாமா என்று கேட்ட 2016 ஜூன் 23 வாக்கெடுப்பு இரவில் ஒரு பவுண்டு சுமார் 1.50 டாலர். விடியும்போது சுமார் 1.32 வரை இறங்கியிருந்தது. உணவு, எரிபொருள், உதிரிபாகம் என்று பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டில் நாணயம் விழுந்தால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் அது கடை விலையில் தெரியும். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் கணக்கிட்டதில், வாக்கெடுப்புக்குப் பின் வந்த நாணயச் சரிவால் மட்டும் 2018 ஜூனுக்குள் நுகர்வோர் விலை 2.9 சதவீதம் கூடுதலாக ஏறியிருந்தது. சராசரிக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 870 பவுண்டு. அப்போது பிரிட்டன் இன்னும் ஒன்றியத்துக்குள்தான் இருந்தது. ஒரு விதிகூட மாறவில்லை.

நாணயம் விழுந்தால் ஏற்றுமதி பெருகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அது எதிர்பார்த்த அளவு நடக்கவில்லை. காரணம் இரண்டு. ஏற்றுமதியாகும் பொருளுக்குள்ளேயே இறக்குமதி பாகம் நிறைய இருந்ததால் அதன் அடக்கவிலையும் சேர்ந்து ஏறியது. நாளைக்கு எந்த விதி இருக்கும் என்று தெரியாத சந்தைக்காகப் புதிய இயந்திரம் வாங்கவும் யாரும் துணியவில்லை. 2016-க்குப் பிறகு பல ஆண்டுகள் வணிக முதலீடு கிட்டத்தட்ட நகராமல் நின்றது. 2019 மார்ச்சிலும் அக்டோபரிலும், “ஒப்பந்தமே இல்லாமல் வெளியேறிவிடுவார்களோ” என்ற பயத்தில் கம்பெனிகள் கிடங்குகளை நிரப்பின. கிடங்கில் தூங்கும் சரக்கு என்பது முடங்கிக் கிடக்கும் நடைமுறை மூலதனம். வங்கி வட்டி அதன் மேல் ஓடிக்கொண்டே இருக்கும்.

இனி எல்லைக்கு வருவோம். இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்கு ஒரு பேலட் (சரக்கை அடுக்கும் மரத்தட்டு) பாலாடைக்கட்டி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 வரை இதற்கு விலைப்பட்டியலும் லாரியும் போதும். 2021 ஜனவரி 1 முதல் என்னென்ன வேண்டும்?

ஏற்றுமதியாளருக்குச் சுங்கத்துறையில் அவரை அடையாளம் காட்டும் ஈஓஆர்ஐ எண் வேண்டும். ஜிபி என்று தொடங்கி 12 இலக்கம். வட அயர்லாந்துச் சரக்குக்கு எக்ஸ்ஐ என்று தொடங்கும் வேறொரு எண். இரண்டையும் மாற்றிப் போட்டு அறிவிப்பு நிராகரிக்கப்படுவது சகஜம். சரக்கு வகைக் குறியீடு வேண்டும். பாலாடைக்கட்டி 0406-இல் தொடங்கும். பிரிட்டனில் ஏற்றுமதிக்கு 8 இலக்கம், இறக்குமதிக்கு 10. தயாரித்த ஆலை ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கீகரித்த பட்டியலில் இருக்க வேண்டும். அடுத்து அதிகாரபூர்வக் கால்நடை மருத்துவர் சரக்கைப் பார்த்து ஏற்றுமதி சுகாதாரச் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். சான்றிதழ் சரக்கு நுழையும் நாட்டு மொழியில் இருக்க வேண்டும். கையெழுத்தும் முத்திரையும் அச்சு நிறத்திலிருந்து வேறு நிறத்தில் இருக்க வேண்டும், அதாவது கறுப்பு அச்சின் மேல் கறுப்புப் பேனா கூடாது. கேலியாகத் தோன்றலாம், ஆனால் விதி அதுதான். பக்கங்களில் திருத்தம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் சுருக்கொப்பம் வேண்டும்.

மறுகரையில், வாங்குபவரோ அவருடைய முகவரோ ட்ரேசஸ் என்ற கணினி முறையில் சரக்கு வருவதை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பிரிட்டன் பக்கம் ஒரு ஏற்றுமதி அறிவிப்பு, பிரான்ஸ் பக்கம் ஒரு இறக்குமதி அறிவிப்பு என்று ஒரே பெட்டிக்கு இரண்டு அறிவிப்பு. லாரி கப்பலில் ஏறுவதற்கு முன் அந்த அறிவிப்பு எண்ணை லாரியின் பதிவெண்ணோடு இணைக்க வேண்டும். கப்பல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் நேரத்தில், எந்த லாரி பச்சை, எது ஆரஞ்சு என்று பிரெஞ்சுச் சுங்கம் தீர்மானித்துவிடும். பச்சை என்றால் நேரே வெளியே போகலாம். ஆரஞ்சு என்றால் ஓரங்கட்டிச் சோதனை. விலங்குப் பொருளாக இருந்தால் பச்சைக்கு வாய்ப்பே இல்லை, எல்லைச் சோதனை நிலையத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

சரக்கின் கீழே கிடக்கும் மரப் பேலட்டையும் மறந்துவிடக் கூடாது. ஒன்றியத்துக்குள் இருந்தவரை எந்தப் பேலட்டும் ஓடியது. இப்போது மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும், அதற்கான சர்வதேச முத்திரை கட்டையில் தெரிய வேண்டும். காகிதம் எல்லாம் சுத்தமாக இருந்தும் பேலட்டில் முத்திரை இல்லை என்பதால் சரக்கு நிற்கலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கால்நடை மருத்துவர், இரு பக்க அறிவிப்பு, முகவர் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு சரக்குக்கு 300 பவுண்டு ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 40,000 பவுண்டு மதிப்புள்ள முழு லாரிக்கு இது முக்கால் சதவீதம். யாரும் கவலைப்படமாட்டார்கள். வாரம் ஒரு தடவை 600 பவுண்டுக்கு ஒரு பாரிஸ் கடைக்கு அனுப்புபவருக்கு அதே 300 பவுண்டு ஐம்பது சதவீதம். சரக்கு ஒன்றே, விதியும் ஒன்றே, ஆனால் ஒருவருக்கு அது தூசி, மற்றவருக்குக் கடையடைப்பு.

இதைவிட மோசம், பலருடைய சரக்கை ஒரே லாரியில் கலந்து ஏற்றுவது. சின்ன ஏற்றுமதியாளர்களின் உயிர்நாடி அதுதான். இருபது பேரின் பெட்டி ஏறிய லாரியில் ஒருவரின் சான்றிதழில் எடை தவறாக இருந்தால் மற்ற பத்தொன்பது பேரின் சரக்கும் நிற்கும். 2021 ஜனவரியில் ஸ்காட்லாந்து மீன், இறால் ஏற்றுமதி தடுமாறியதற்கு இது முக்கியக் காரணம். மீனுக்கு ஒரு நாள் தாமதம் என்பது விலை விழுவது. பிறகு போக்குவரத்து நிறுவனங்கள் உணவுச் சரக்கைக் கலவை லாரியில் ஏற்றத் தயங்கின. சில பொருட்களுக்குக் கதவே மூடிவிட்டது. உறைய வைக்காத பச்சை சாஸேஜ், விதை உருளைக்கிழங்கு, சுத்திகரிப்புத் தொட்டியில் வைக்காத இரண்டாம் தர நீர்ப்பரப்புச் சிப்பி ஆகியவற்றை வெளிநாடுகளிலிருந்து ஒன்றியம் எடுப்பதில்லை. பிரிட்டன் இப்போது வெளிநாடு. இதற்காகப் புதிதாகச் சட்டம் எதுவும் போடவில்லை, பழைய சட்டம் புதிய நாட்டின் மேல் விழுந்தது, அவ்வளவுதான்.

வெளியேறுவதற்கு முன்பே பிரிட்டனின் வரித்துறையான ஹெச்எம்ஆர்சி ஒரு மதிப்பீடு போட்டிருந்தது: ஆண்டுக்குக் கூடுதலாக 21.5 கோடி சுங்க அறிவிப்புகள், பிரிட்டிஷ் வணிகர்களுக்குச் செலவு சுமார் 750 கோடி பவுண்டு. பின்னர் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வு கண்டதும் அதே திசைதான். 2022-இல் பிரிட்டனின் மொத்தச் சரக்கு ஏற்றுமதி, ஒப்பந்தம் இல்லாமல் பழைய நிலை தொடர்ந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 6.4 சதவீதம், அதாவது சுமார் 2,700 கோடி பவுண்டு குறைவு. ஐரோப்பாவுக்கு முன்பு அனுப்பிக்கொண்டிருந்த நிறுவனங்களில் சுமார் 16,400, அதாவது 14 சதவீதம், அனுப்புவதையே நிறுத்திவிட்டன. அடி முழுக்கச் சிறு நிறுவனங்கள் மேல். மிகப்பெரிய நிறுவனங்களின் ஏற்றுமதியில் பெரிய சரிவு இல்லை. அவர்களுக்குச் சுங்கப் பிரிவு என்று தனி அலுவலகமே இருக்கிறது.

அடுத்து, “வரி பூஜ்யம்” என்ற வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும் நிபந்தனை. ஒப்பந்தத்தில் பிரிட்டனில் பிறந்த பொருளுக்குத்தான் வரி பூஜ்யம். பிரிட்டனிலிருந்து புறப்பட்டதெல்லாம் பிரிட்டனில் பிறந்ததாகிவிடாது. இதைப் பிறப்பிட விதி என்கிறோம். மூன்று உதாரணம் போதும்.

சட்டை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் தைத்த சட்டை, துணி இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வந்தது. வெட்டித் தைத்தால் மட்டும் பிறப்பிடம் மாறாது. ஒப்பந்தப்படி துணி நெய்வதும் பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லையில் சுமார் 12 சதவீத வரி.

கார். பெட்ரோல் காரில் ஆலைவிலையின் 45 சதவீதத்துக்கு மேல் வெளிப் பாகம் இருக்கக் கூடாது. ஒன்றியத்திலிருந்து வாங்கிய பாகம் உள்ளூர்ப் பாகமாகவே கணக்காகும், ஜப்பானியப் பாகமோ துருக்கிப் பாகமோ ஆகாது. ஆலைவிலை 20,000 பவுண்டு என்றால் வெளிப் பாகத்துக்கு உச்சவரம்பு 9,000. அது 9,400 ஆனால் 47 சதவீதம். அப்போது கூடுதலாகப் போன 400 பவுண்டுக்கு மட்டும் வரி என்று நினைக்காதீர்கள். முழுக் கார் மேலும் 10 சதவீதம், அதாவது 2,000 பவுண்டுக்கு மேல் விழும். 400 பவுண்டு உதிரிபாகத்தை எங்கே வாங்குகிறோம் என்பதில் 2,000 பவுண்டு தொங்குகிறது. மின்கார்களுக்கு பேட்டரி பெரும்பாலும் ஆசியாவிலிருந்து வருவதால் இந்த விதி இரு பக்கமும் கடித்தது. 2024-இல் இறுகவேண்டிய வரம்பை 2026 இறுதிவரை தள்ளிவைத்ததற்குக் காரணம் அதுதான்.

மூன்றாவதுதான் பலர் எதிர்பாராதது. ஜெர்மனியில் செய்த மிட்டாயை பிரிட்டன் கிடங்குக்குக் கொண்டுவந்து அங்கிருந்து அயர்லாந்துக் கடைக்கு அனுப்பினால் வரி உண்டு. பிரிட்டனில் அதற்கு எந்த வேலையும் நடக்கவில்லை, எனவே அது பிரிட்டிஷ் சரக்கு ஆகாது. ஒன்றியத்தை விட்டு ஒருமுறை வெளியே வந்து சந்தையில் கலந்துவிட்டதால் ஒன்றியச் சரக்கு என்ற தகுதியும் போய்விட்டது. பல பத்தாண்டுகளாக பிரிட்டன் கிடங்கை வைத்தே அயர்லாந்துக்கும் சேர்த்து விநியோகம் செய்த சில்லறைச் சங்கிலிகள் இதனால்தான் கிடங்கை டப்ளினுக்கோ நெதர்லாந்துக்கோ மாற்றின. பிரிட்டன் கிடங்கிலிருந்த வேலை அங்கே போனது.

இந்த விஷயத்தில் ஒரு நடைமுறைக் குறிப்பு. பிறப்பிடத் தகுதி இருந்தும் வரி கட்டியவர்கள் ஏராளம், ஏனென்றால் பூஜ்ய வரி தானாகக் கிடைக்காது, கேட்டுப் பெற வேண்டும். விலைப்பட்டியலில் ஒப்பந்தத்தில் உள்ள வாசகத்தை அப்படியே எழுதி, பிரிட்டிஷ் ஏற்றுமதியாளர் தன் ஈஓஆர்ஐ எண்ணைப் போட வேண்டும். ஒன்றிய ஏற்றுமதியாளராக இருந்தால், சரக்கு 6,000 யூரோவைத் தாண்டும்போது அவருக்கு ரெக்ஸ் என்ற தனிப் பதிவு வேண்டும். முதலில் வரி கட்டிவிட்டாலும், இறக்குமதியான 3 ஆண்டுக்குள் சான்று காட்டித் திரும்பக் கேட்கலாம்.

இணையத்தில் விற்பவர் கதை வேறு. அவருக்கு முதல் எதிரி மதிப்புக்கூட்டு வரி. 60 யூரோ பொருளை ஜெர்மனியில் ஒருவருக்கு அனுப்புகிறீர்கள். “வரி வாங்குபவர் பொறுப்பு” என்ற நிபந்தனையில் அனுப்பினால் கூரியர்காரர் வாசலில் நின்று 19 சதவீதம், அதாவது 11.40 யூரோ, அதற்கு மேல் தன் கையாளும் கட்டணமும் கேட்பார். வாங்குபவர் கடையில் பார்த்த விலையோடு இது ஒட்டாது, பெட்டியைத் திருப்பிவிடுவார். திரும்பி வரும் பெட்டிக்கு பிரிட்டனில் மறுபடி இறக்குமதிக் காகிதம் வேண்டும். திரும்பிய சரக்குச் சலுகை உண்டுதான், ஆனால் பொருள் மாறாமல், பொதுவாக 3 ஆண்டுக்குள் வந்ததற்கும் முதலில் ஏற்றுமதியானதற்கும் ஆதாரம் வைத்திருக்க வேண்டும். 150 யூரோ வரையுள்ள பெட்டிகளுக்கு 2021 ஜூலை 1 முதல் ஐஓஎஸ்எஸ் என்ற வழி வந்தது. விற்கும்போதே வரியை வசூலித்து மொத்தமாகக் கட்டலாம். ஆனால் பிரிட்டிஷ் கடைக்காரர் அதற்கு ஒன்றியத்துக்குள் ஒரு இடைத்தரகரை வைத்து அவருக்கு மாதாமாதம் கட்ட வேண்டும். மாதம் பத்துப் பெட்டி விற்பவருக்கு அது கட்டாது. “ஐரோப்பாவுக்கு அனுப்புவதில்லை” என்ற ஒரு வரியை இணையதளத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மேலே சொன்ன 16,400-இன் முகம் இதுதான்.

சரக்கு உள்ளே வரும் பக்கத்தில் பிரிட்டன் அரசு வேறு மாதிரி நடந்துகொண்டது. ஒன்றியம் முதல் நாளே சோதனையைத் தொடங்கியது. பிரிட்டன் தன் பக்கச் சோதனையைத் தவணை தவணையாகத் தள்ளிக்கொண்டே போனது. உணவு விலை ஏற்கெனவே எகிறிக்கொண்டிருந்தபோது இன்னொரு செலவைச் சேர்க்கும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. விளைவு, ஒன்றிய உற்பத்தியாளர் மூன்று ஆண்டு சோதனையில்லாமல் உள்ளே அனுப்பினார், பிரிட்டிஷ் உற்பத்தியாளர் முழுச் சோதனையோடு வெளியே அனுப்பினார். பிரிட்டிஷ் விவசாயிகளின் கோபத்தில் நியாயம் இருந்தது. கடைசியில் சுகாதாரச் சான்றிதழ் 2024 ஜனவரி 31 முதலும், நேரடிச் சோதனை ஏப்ரல் 30 முதலும் வந்தன. டோவர் துறைமுகம், ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம் வழியாக வருபவற்றுக்குப் பொதுப் பயன்பாட்டுக் கட்டணம் என்று ஒன்று போட்டார்கள். குறைந்த ஆபத்துப் பொருளுக்கு வகைக்கு 10 பவுண்டு, நடுத்தர, அதிக ஆபத்துக்கு 29 பவுண்டு, ஒரு சரக்குக்கு அதிகபட்சம் 145 பவுண்டு. சோதனைக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் கட்ட வேண்டும். சலாமி, ஹாம், ஐந்தாறு வகைப் பாலாடைக்கட்டி என்று கலந்து வாங்கும் சின்ன இத்தாலிய உணவுக் கடைக்கு ஒவ்வொரு வரவிலும் உச்சவரம்பு விழும். ஒரே வகைப் பாலாடைக்கட்டியை முழு லாரியாக இறக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்கு 29 பவுண்டு. மறுபடியும் அதே குணம்.

ஆட்கள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். சுதந்திரமாக வந்துபோகும் உரிமை போனதும் திறன்பணி விசாவுக்குச் சம்பள வரம்பு வந்தது. 2024 ஏப்ரலில் பொது வரம்பு 38,700 பவுண்டு ஆனது, 2025 ஜூலையில் 41,700. பழம் பறிப்பவர், ஹோட்டல் பரிமாறுபவர், கோழி வெட்டுபவர் இந்த வரம்புக்குப் பக்கத்திலேயே வரமாட்டார்கள். 2021 இலையுதிர் காலத்தில் லாரி ஓட்டுநர் பற்றாக்குறை பெட்ரோல் பங்க் வரிசையில் தெரிந்தது. கசாப்பு ஆட்கள் இல்லாமல் வளர்ந்த பன்றிகளைப் பண்ணையிலேயே அழித்தார்கள். அரசு அவசரமாகத் தற்காலிக விசாக்களை அறிவித்தது: லாரி ஓட்டுநருக்கு 5,000, கோழித் தொழிலுக்கு 5,500, கசாப்புக்காரருக்கு 800. ஓட்டுநர் பற்றாக்குறையை முழுக்க பிரெக்ஸிட் தலையில் கட்டுவது சரியில்லை. கோவிட் காலத்தில் ஓட்டுநர் தேர்வுகள் நின்றுபோனதும் சேர்ந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வெளியேறிய பின் முதல் சில ஆண்டுகளில் மொத்தக் குடியேற்றம் குறையவில்லை, ஏறியது. ஐரோப்பியர் குறைந்து மற்ற நாட்டவர் கூடினார்கள். வயல் வேலைக்கு ஆள் போதவில்லை, மருத்துவமனைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் ஆள் வந்தார்கள்.

சேவைத் துறை பலர் பயந்த அளவு விழவில்லை. வங்கிகளின் பாஸ்போர்ட் உரிமை, அதாவது லண்டன் உரிமத்தை வைத்தே ஒன்றியம் முழுக்கச் சேவை விற்கும் உரிமை, போனது உண்மை. 2021 ஜனவரியில் பங்கு வர்த்தகத்தில் ஆம்ஸ்டர்டாம் நாளொன்றுக்கு 920 கோடி யூரோவோடு லண்டனை முந்தியது, லண்டன் 860 கோடி. ஆனால் ஆலோசனை, மென்பொருள் போன்ற சேவை ஏற்றுமதி நன்றாகவே வளர்ந்தது. மின்னஞ்சலில் போகும் அறிக்கைக்குச் சுகாதாரச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லையே.

குடும்பச் செலவுக்கு வருவோம். ரசீதில் “பிரெக்ஸிட் கட்டணம்” என்று எங்கும் எழுதியிருக்காது, அதனால்தான் வாக்குவாதம் ஓய்வதில்லை. ஒன்றியத்திலிருந்து அதிகம் வரும் உணவுகளையும் குறைவாக வரும் உணவுகளையும் விலை வாரியாக ஒப்பிட்டுப் பிரித்தெடுத்தார்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் இன்னொரு ஆய்வின்படி, 2021 இறுதிவரையான இரண்டு ஆண்டுகளில் காகிதத் தடையால் உணவு விலை சுமார் 6 சதவீதம் கூடுதலானது. சராசரிக் குடும்பத்துக்கு 210 பவுண்டு, நாடு முழுக்க 580 கோடி பவுண்டு. கணக்கை 2023 மார்ச்வரை நீட்டியபோது அது குடும்பத்துக்கு 250 பவுண்டு ஆனது. வருமானத்தில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கே போகும் குடும்பத்துக்கு இது அதிகம் வலிக்கும். மிக ஏழ்மையான பத்து சதவீதத்துக்கு வாழ்க்கைச் செலவு 1.1 சதவீதம் ஏறியது, மிகப் பணக்காரப் பத்து சதவீதத்துக்கு 0.7. இன்னொன்று கவனிக்க வேண்டும்: வரியாக இருந்திருந்தால் அந்தப் பணம் அரசு கஜானாவுக்காவது போயிருக்கும். காகிதச் செலவு யார் கஜானாவுக்கும் போவதில்லை, காத்திருந்த நேரமாகவும் கையெழுத்தாகவும் கரைந்துபோகிறது.

மிச்சமெல்லாம் சில்லறைச் செலவு, ஆனால் கூட்டினால் தெரியும். பிரிட்டன் அட்டையால் ஒன்றிய இணையக் கடையில் வாங்கும்போது கடைக்காரர் வங்கி அட்டை கொடுத்த வங்கிக்குக் கட்டும், விசாவும் மாஸ்டர்கார்டும் நிர்ணயிக்கும் இடைக்கட்டணம் டெபிட்டுக்கு 0.2-இலிருந்து 1.15 சதவீதமும், கிரெடிட்டுக்கு 0.3-இலிருந்து 1.5 சதவீதமும் ஆனது. ஒன்றிய உச்சவரம்பு இனி பொருந்தாது என்பதால் ஏற்றிவிட்டார்கள். பல மொபைல் நிறுவனங்கள் ஐரோப்பிய ரோமிங்குக்கு மறுபடி நாள் கட்டணம் போட்டன. நாயைக் கூட்டிக்கொண்டு பிரான்ஸ் போக முன்பு ஒரு செல்லப்பிராணி பாஸ்போர்ட் பல ஆண்டுக்குப் போதும். இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும், ஒன்றியத்துக்குள் நுழைவதற்கு முந்தைய 10 நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் புதிய சான்றிதழ் எடுக்க வேண்டும். ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகள் அடங்கிய ஷெங்கன் பகுதியில் விசா இல்லாமல் 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. ஸ்பெயினில் வீடு வாங்கிக் குளிர்காலம் முழுக்க அங்கே கழித்த ஓய்வூதியக்காரர்கள் நாள்காட்டியில் கோடு போட்டு எண்ணுகிறார்கள்.

லாபமே இல்லையா என்றால், உண்டு, அளவு சின்னது. மாதவிடாய்ப் பொருட்கள் மேலிருந்த மதிப்புக்கூட்டு வரி 2021 ஜனவரியில் நீங்கியது. ஆஸ்திரேலிய ஒப்பந்தம் நீண்டகாலத்தில் பொருளாதாரத்தை 0.08 சதவீதம் பெருக்கும் என்பது பிரிட்டன் அரசே போட்ட மதிப்பீடு. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவோடு கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு அரசுக் கணக்கு ஆண்டுக்கு 480 கோடி பவுண்டு, 0.13 சதவீதம். 2025-இல் அமெரிக்கா வரிகளை உயர்த்தியபோது பிரிட்டனுக்கு 10 சதவீதம், ஒன்றியத்துக்கு அதைவிட அதிகம். தனியாக இருந்ததால் கிடைத்த உண்மையான அனுகூலம் இது. எதிர்ப்பக்கத்தில், அரசின் சுயேச்சையான நிதிக் கணிப்பு அமைப்பான ஓபிஆர் நீண்டகாலத்தில் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறைவாக இருக்கும் என்ற அனுமானத்திலேயே வரவுசெலவுக் கணிப்பைப் போடுகிறது. 2025-இல் வந்த, பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூம் குழுவின் ஆய்வு பொருளாதார இழப்பை 6 முதல் 8 சதவீதம் என்கிறது. கோவிட், எரிவாயு விலை இரண்டும் இடையில் வந்ததால், இதேபோன்ற மற்ற நாடுகளைக் கலந்து “வெளியேறாத பிரிட்டன்” ஒன்றைக் கணக்கில் உருவாக்கி ஒப்பிடுகிறார்கள். எந்த நாடுகளைக் கலக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். திசை மாறவில்லை.

வேறு கூட்டமைப்புகளுக்கும் இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரி 29 அன்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸை விட்டு வெளியேறின. ஆனால் சிஎஃப்ஏ பிராங்க் என்ற பொது நாணயமும் பொதுச் சுங்க வரியும் உள்ள மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதார, நாணய ஒன்றியத்தில் தொடர்கின்றன. எனவே செனகலோடும் ஐவரி கோஸ்டோடும் பழைய ஏற்பாடு பெரும்பாலும் ஓடும், சிக்கல் வந்தால் அந்த ஒன்றியத்தில் இல்லாத நைஜீரியா, கானா பக்கம்தான் வரும். எந்த நாட்டைப் பற்றிப் பேசினாலும் முதலில் கேட்க வேண்டியது, வெளியேறிய பிறகும் எந்த ஒன்றியத்துக்குள் மிச்சம் இருக்கிறார்கள் என்பதே.

பிரிட்டன் பக்கம் இப்போது பேச்சில் இருப்பது உணவு, கால்நடை, தாவர சுகாதார ஒப்பந்தம். 2025 மே 19 லண்டன் சந்திப்பில் இதை நோக்கிப் போவதென்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அது நடைமுறைக்கு வந்தால் மேலே சொன்ன பாலாடைக்கட்டிப் பேலட்டுக்குக் கால்நடை மருத்துவர் கையெழுத்தும் எல்லைச் சோதனையும் பெரும்பாலும் நீங்கும். பதிலுக்கு ஒன்றியத்தின் உணவு விதி மாறும்போதெல்லாம், அதை எழுதும் மேசையில் இடமில்லாமலேயே, பிரிட்டனும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டு பக்கச் சுங்க அறிவிப்பும் பிறப்பிட வாசகமும் அப்படியே இருக்கும். அவை சுங்க ஒன்றியத்தைப் பற்றியவை, பாலாடைக்கட்டியைப் பற்றியவை அல்ல.